லிஃப்டுக் கதவை நெம்பியது குறித்து

மேலே எழுதிய பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது முப்பத்தெட்டு. வழக்கறிஞர் ஒருவரிடம் இளையவராக வேலை பார்த்துக்கொண்டே, அரசுப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். உயிரைக் காப்பதற்காகப் பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் அது குற்றமா என்பதே என் ஆய்வு.

இன்று காலை எனக்கு வாய்மொழித் தேர்வு. என் அண்ணி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, விசேஷ வீட்டுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு கூட வந்தார். புறத்தேர்வாளர் ஓய்வுபெற்ற நீதிபதியான ஓர் அம்மையார். லிஃப்டைக் கண்டாலே பயப்படுகிற என் நெறியாளர், மரியாதைக்காக அம்மையாரின் கைப்பையை வாங்கிக்கொண்டு படியேறிவிட்டார். மூட்டுவலி காரணமாக அம்மையார் மட்டும் லிஃப்டில் வந்தார். அது நாங்கள் காத்திருந்த மூன்றாம் மாடிக்கு வந்து நின்றது, கதவு திறக்கவில்லை.

அதன் பிறகு கட்டடப் பொறுப்பு அலுவலரைக் கூப்பிட்டோம். அவர், "சாவி கம்பெனிக்காரங்ககிட்ட இருக்கு, வந்துடுவாங்க. அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க, அரசாங்கச் சொத்து" என்றார். அம்மையார் உள்ளிருந்தே, "கேள்வியை இங்கேர்ந்தே ஆரம்பிச்சுடட்டுமா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு அவருக்கு இருமல் வந்தது. இருமலுக்கு நடுவே, "என் பையில மூச்சுக்கு அடிக்கிற மருந்து இருக்கு" என்றார். பை நெறியாளர் தோளில் தொங்கியது. அவர் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

கம்பெனி வண்டி நெரிசலில் நிற்பதாகப் பதில் வந்தது. தீயணைப்பு நிலையத்துக்கும் சொன்னோம். அதன் பிறகு உள்ளே இருமலும் நின்றுவிட்டது. கதவைத் தட்டினேன், குரல் இல்லை. வராந்தாவில் தரை பெயர்ப்பவர்களின் கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்தேன். அலுவலர், "தொட்டா கேஸ் ஆயிடும்மா" என்றார். அண்ணி, "ஆளு போனப்புறம் சாவி வந்து என்ன, வெச்சுக் கும்பிடவா?" என்று கத்திக்கொண்டே கதவில் தோள் கொடுத்தார். முதல் நெம்பலில் வண்ணம்தான் பெயர்ந்தது. மறுபடி நெம்பியதில் வெளிக்கதவு வளைந்து, உள்கதவும் கை நுழையும் அளவுக்கு விலகியது. அண்ணி மருந்தோடு கையை உள்ளே விட்டார். உள்ளிருந்து ஒரு கை அதைப் பற்றிக்கொண்டது. அதன் பிறகு 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. நெறியாளர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கதவை முழுதும் விலக்கி அம்மையாரை வெளியே கொண்டுவந்தோம். மருத்துவர் வந்து பார்த்துச் சரி என்றார். தேர்வை வேறு நாளைக்கு மாற்றலாம் என்று நெறியாளர் சொன்னதற்கு அம்மையார், "நான் வந்த வேலை முடியலையே" என்றார். என்னிடம், "நன்றிக்காகப் பட்டம் குடுக்க மாட்டேன், தெரிஞ்சுக்கோ" என்றார். அதன் பிறகு என்னைப் பிழிந்தெடுத்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன, ஆபத்து அவ்வளவு நெருங்கிவிட்டது என்று எப்படித் தெரியும், வேறு வழியே இல்லையா என்று விடாமல் கேட்டார். என் கையில் கடப்பாரைத் துரு அப்படியே இருந்தது. ஒரு கேள்விக்கும் நான் தடுமாறவில்லை. கடைசியில் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி கை தட்டிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரத்தில்தான் அலுவலரின் புகாரின்பேரில் காவலர்கள் வந்தார்கள்.

இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த உதவி ஆய்வாளர், "பதட்டத்துல தெரியாம உடைச்சுட்டேன்னு போட்டுக்கிறேன், இதோட முடிஞ்சுடும்" என்று நல்லெண்ணத்தில் சொல்லி அப்படியே எழுதினார். நான் ஒப்பவில்லை. 'தெரியாமல்' என்பதை என் கையாலேயே அடித்து, 'தெரிந்தே' என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுள்ளேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். திருத்தம் உட்பட எல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)