கல்யாணக் கார்ட் அடிக்கும் டீச்சர்

இவன், ரிப்பேர்க் கடைத் தாஸிம், கரண்ட் வோட்ஸ் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் தலையாட்டுகிறேன். பாலத்தடியில் இரண்டு மணி நேரம் நின்ற கால்கள், கடைக் கதிரையில் இருந்த பிறகும் நின்றுகொண்டேயிருக்கின்றன. இவனுடைய வாயில் ஒரு கேள்வி இருக்கிறது. கடைக்குள் கூட்டிவந்ததிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றித்தான் பேசுகிறான். கேட்கட்டும். கேட்காமல் விட்டாலும் நல்லது. எனக்குத் தேவை என் கொம்பியூட்டருக்கு ஒரு பவர் சப்ளை, அவ்வளவுதான்.

— டீச்சர், நான் செல்றது வெளங்குதா?

— விளங்குது தாஸிம். சொல்லுங்கோ.

— இது மலிவு. ஸ்டிக்கர்ல இருநூத்தம்பது வோட்ஸ்ண்டு போட்டிரிக்கி. தூக்கிப் பாருங்க. பாரமே இல்ல. இப்ப இதத் தூக்குங்க. இதுலயும் அதே இருநூத்தம்பதுதான்.

— இது கனக்குது.

— அதான். உள்ளுக்கு சாமான் இரிக்கிற பெட்டி பாரமாத்தான் இரிக்கும். ஸ்டிக்கர நம்ப வாணாம், கைய நம்புங்க. ஒங்கட பழையது வெறும் காத்து. கரண்ட் போய்த் திரும்பி வந்த அடியில போயிரிக்கி. இந்தக் குட்டி டின் மாதிரி நிக்கிறது எல்லாம் மேல வீங்கி இரிக்கி, பாருங்க.

— வெடிச்ச நேரம் வீடு முழுக்க மீன் கருகின மணம். பக்கத்து வீட்டு மனிசி என்ன கறி எண்டு கேட்டவ.

— ப்ளக்ல எர்த் காலையும் காணல்ல. அத வெட்டினது ஆரு?

— நான்தான்.

— டீச்சர்!

— சுவரில இரண்டு ஓட்டைதான் இருக்கு. மூண்டாவது காலை நான் எங்க குத்துறது? வீட்டுக்காரர் மாத்தித் தாறன், மாத்தித் தாறன் எண்டு நாலு வருஷம்.

— நல்ல வேள, பெட்டியோட போச்சி. ஒங்களயும் கொண்டு போகல்ல. சரி, எல்லாம் இரிக்கட்டும். வயரு தொங்கத் தொங்க இந்த இரும்புப் பெட்டிய ஒரு சிலிசிலி பொலித்தீன் பேக்ல போட்டு, கண்டியில இரிந்து பஸ் ஏறி, ஆமி செக் பண்ற அந்தப் பாலத்தால வந்தீங்களே. அதுவும் பொறந்த இடம் யாழ்ப்பாணம்ண்டு எழுதின அடையாள அட்ட, அந்த ஐ.சி.ய வெச்சிக்கிட்டு. கண்டிப் புத்த மாளிகைல குண்டு வெடிச்சி இன்னம் ஆறு மாசம் ஆகல்ல டீச்சர்.

— நீங்கள்தானே ரெலிபோனில சொன்னனீங்கள். முழு மெசினையும் காவிக்கொண்டு அலையாதேங்கோ, பவர் சப்ளையை மட்டும் கழட்டிக்கொண்டு வாங்கோ எண்டு.

— செல்லினேன்தான். பேப்பர்ல சுத்துங்கண்டு செல்ல மறந்திட்டேன்.

— பேப்பரில சுத்தியிருந்தால் இன்னும் மோசம்.

— அதுவும் சரிதான்.

— சிவப்பு, மஞ்சள், கறுப்பு வயரைக் கண்டவுடன அந்த ஆமிக்காரன் பின்னுக்குப் போன போக்கு... பாவம், அவனுக்கும் பயம். பஸ் முழுக்க இறக்கிப்போட்டினம். ஒரு மனிசி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினவ. என்னைப் பாத்து ஓடினவ, தாஸிம். பதினாறு வருஷம் கண்டியில இருக்கிறன், அந்த நேரம் ஒரு சிங்களச் சொல்லும் வாயில வரேல்லை. உங்கட கடைப் பேரை மட்டும் சொல்லிக்கொண்டு நிண்டனான்.

— செல்லினது நல்லம். ஆமி அனுப்பின ஆள் வந்து கூப்பிட்ட நேரம் சாப்பிட்டுக்கிட்டு இரிந்தேன்.

— கையில சோறு ஒட்டியிருந்தது. கண்டனான்.

— அங்க நான் சிங்களத்துல என்ன செல்லினேண்டு வெளங்கினதா?

— பாதி.

— இந்த டீச்சர் என்ட பொஞ்சாதி பஸீஹாவுக்கு டைப்பிங் படிச்சிக் குடுத்தவ. இப்ப வீட்டுல ஒரு கொம்பியூட்டர் வெச்சி கல்யாணக் கார்ட் அடிக்கிறா. வேற ஒண்டும் இல்லண்டு செல்லினேன். அவங்க அத ஒரு பெரிய புத்தகத்துல எழுதினாங்க. கீழ என்ட பேரு, ஐ.சி. நம்பர், கையெழுத்து.

— கல்யாணக் கார்ட்.

— வேற என்னத்தச் செல்ல?

— பொய்யெண்டும் சொல்லேலாது. போன வருஷம் உங்கட மச்சாளுக்கு ஒண்டு அடிச்சுத் தந்தனான்.

— அதுலயும் திகதி பிழ.

— நீங்கள் எழுதித் தந்த பிழை அது.

— டீய குடிங்க, ஆறுது.

— யூ.பி.எஸ் எண்டு ஒண்டு சொன்னீங்கள்.

— ஓ, அதுவும் வேணும். பவர் சப்ளைய மட்டும் மாத்தினா அடுத்த அடியில இதுவும் போயிரும். யூ.பி.எஸ் இரிந்தா கரண்ட் போனாலும் பத்து நிமிஷம் தாங்கும். அதுக்குள்ள அடிச்சத சேவ் பண்ணி, மெஷின நிப்பாட்டிடுங்க. பின்னேரம் இடி முழங்கினா அதையும் நம்ப வாணாம். ப்ளக்கயே கழட்டி வெச்சிடுங்க.

— பத்து நிமிஷம் காணும். போன கிழமை நாலு பக்கம் அழிஞ்சு போச்சு. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில இருந்து ஒரு அம்மா வந்தவ, பேச்சியம்மா எண்டு. முன்னுக்கு இருந்து அவ சொல்லச் சொல்ல நான் கடிதம் அடிச்சது. மகனை ஆமி பிடிச்ச நாள், ஏத்தின லொறி, போட்டிருந்த சேட்டு. கடைசிப் பக்கத்தில கரண்ட் போயிட்டுது. வந்த பிறகு அவ திரும்ப முதலில இருந்து சொன்னவ. முதல் தரம் அழுதழுது சொன்னவ. இரண்டாந்தரம் அழேல்லை. இலக்கம் சொல்லுற மாதிரிச் சொன்னவ. அதைத்தான் என்னால தாங்கேலாமல் போச்சு.

— டீச்சர், இதப் பத்தித்தான் நான் பேச இரிந்தேன்.

— தெரியும்.

— எத்தின பேருக்கு எழுதியிரிக்கீங்க?

— நூற்றிப் பதினொரு பேருக்கு. ஒராளுக்கு ஆறு பிரதி, பொலிஸ், ஆமி எண்டு ஆறு கந்தோருக்கு. மெசினில எண்டால் மேல விலாசத்தை மட்டும் மாத்தினால் சரி. ரைப்ரைட்டரில ஆறாவது காபனை ஒருத்தராலும் வாசிக்கேலாது. மணிக்கட்டும் இப்ப இரண்டு பக்கத்துக்கு மேல விடாது.

— எழுதி ஒருத்தனாச்சும் வெளிய வந்தானா?

— இல்லை.

— பாத்தீங்களா.

— மூண்டு பேரை எங்க வைச்சிருக்கினம் எண்டு பதில் வந்தது.

— நூத்திப் பதினொண்டுல மூணு.

— ஓம். மூண்டு.

— நான் ஒங்கள நோகச் செல்லல்ல டீச்சர். எனக்கு நாலு புள்ளகள். எண்பத்தி மூணு கலவரத்துல பக்கத்துல கந்தையாட கட எரிஞ்ச நேரம் எங்கட ஷட்டரும் கருகிப் போச்சி. வாப்பா மவுத்தாகும் வரைக்கும் அந்தக் கறுப்புக்கு பெயின்ட் அடிக்க விடல்ல. புதுப் பெயின்டக் கண்டா திரும்பவும் வருவானுகள்ண்டு செல்லுவாரு. அப்பிடியான பயத்துல வளந்தவன் நான்.

— உங்களைப் பயந்தவர் எண்டு நான் சொல்லமாட்டன். இண்டைக்கு அந்தப் பாலத்தடிக்கு வேற ஒருத்தரும் வரேல்லை.

— வந்தேன்தான். இப்ப அந்தப் புத்தகத்துல என்ட பேரு இரிக்கி. நாளைக்கி ஆராச்சும் ஒங்கட வீட்டுக்கு வந்து மெஷினத் தொறந்தா, உள்ளுக்கு என்ன இரிக்கி? கல்யாணக் கார்டா? உள்ளுக்கு இரிக்கிற நூத்திப் பதினொரு பேர்ட பேரு. அப்ப பொய் செல்லினவன் ஆரு?

— நீங்கள்.

— நான்தானே.

— கையெழுத்து வையுங்கோ எண்டு நான் உங்களைக் கேக்கேல்லைத் தம்பி.

— கேக்கல்ல. கேக்காமத்தான் வந்தேன். இன்னொருக்கா பிடிச்சாலும் வருவேன். அதுக்காகத்தான் இப்ப ஒண்டு கேக்கிறேன். இந்தப் பாரமான பெட்டிய நானே கண்டிக்குக் கொண்டு வந்து பூட்டித் தாறேன், நீங்க தூக்க வாணாம். நான் திருத்தி வெச்ச யூ.பி.எஸ் ஒண்டு இரிக்கி, அதையும் வெக்கிறேன். சுவத்துல மூணு ஓட்ட ப்ளக் போட்டு எர்த் வயரும் இழுத்துத் தாறேன். ஒரு சதமும் வாணாம். நீங்க ஒரு வார்த்த செல்லுங்க. இனிமே கல்யாணக் கார்ட் மட்டுந்தாண்டு செல்லுங்க.

— டீ ஆறிப்போச்சு.

— உள்ளுக்கு இரிக்கிறத வீச வாணாம். டிஸ்க்ல எடுத்துத் தாறேன், எங்கயாச்சும் வெச்சிக்கோங்க. புதுசா எழுத வாணாம், அவ்வளவுதான். எழுதுறதுக்கு வேற ஆக்கள் இரிப்பாங்க.

— அவையள் எங்க இருக்கினம் எண்டு சொல்லுங்கோ. பேச்சியம்மாவை அனுப்பிவிடுறன்.

— டீச்சர்...

— நீங்கள் இதைக் கேக்கிறது பஸீஹாவுக்குத் தெரியுமோ?

— அவதான் கேக்கச் செல்லினா. டீய குடுத்துட்டு உள்ளுக்குப் போனவ, இன்னம் வரல்ல பாருங்க. ஒங்கட மொகத்தப் பாக்க ஏலாதாம்.

— என்ட வகுப்பில விசைப்பலகையைப் பாராமல் அடிச்ச முதல் பிள்ளை அவள். கண்ணை மூடிக்கொண்டு அடி எண்டால் அடிப்பாள்.

— அவ ராவைக்கித் தூங்கிறல்ல டீச்சர். லொறிச் சத்தம் கேட்டா எழும்பி உக்காந்துக்குவா. அவளுக்காகச் செல்லுங்க. மனசால செல்லணும்ண்டு இல்ல. சும்மா பொய்க்காச்சும் செல்லிட்டுப் போங்க. நான் நம்பிருவேன்.

— நீங்கள் நம்பமாட்டீங்கள் தாஸிம். பஸீஹா நம்புவாள்.

— அப்ப?

— இரண்டு பெட்டியையும் திரும்ப அலுமாரிக்குள்ள வையுங்கோ. மெசினை ஒருநாளைக்கு வந்து நீங்களே எடுத்துக்கொண்டு போங்கோ. உள்ளுக்கு இருக்கிறதை டிஸ்கில எடுத்துத் தந்தால் காணும். என்ட வீட்டில கொம்பியூட்டரே இல்லையெண்டால், அந்தக் கையெழுத்தை வைச்சு உங்களிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது.

— யா அல்லாஹ், நான் மெஷினயா டீச்சர் கேட்டேன்? மெஷின் ஒங்களுக்கு இரிக்கட்டும். நான் கேட்டது அந்தக் கடிதங்கள விடச் செல்லி.

— திங்கட்கிழமை வத்தேகமயில இருந்து கடிதம் கேட்டு இரண்டு பேர் வருகினம், தம்பி. கையால எழுதுவன்.