மூன்றாவது சுற்றில் நூற்று முப்பத்தெட்டு

அறிவுச்செல்வி: வண்டியோட பம்பர நீ கழட்டுறியா, நான் கழட்டட்டுமா?

ஜெரோம்: இரு அறிவு... டீ ஆறிரும்.

அறிவுச்செல்வி: டீ ஆறட்டும். நேத்து ட்ராக்குல ஆயில் ஆறுச்சா? மூணாவது சுத்துலயே நூத்தி முப்பத்தெட்டு டிகிரி.

ஜெரோம்: கோயமுத்தூர் வெயிலு அப்புடி.

அறிவுச்செல்வி: தை மாசம், காலைல எட்டரை மணிக்கு. கொடி ஆட்டுறவரு மப்ளர் கட்டிக்கிட்டு நின்னாரு.

ஜெரோம்: அப்ப ஆயில் கிரேடா இருக்கும்.

அறிவுச்செல்வி: வர்ற வழியெல்லாம் இதே கததான். பல்லடத்துல வெயிலுன்ன. தாராபுரத்துல தெர்மோஸ்டாட்டுன்ன. ஒட்டன்சத்திரம் தாண்டுனதும் கண்ணுபட்டிருச்சுன்ன. நீயெல்லாம் ஒரு வேதக்காரன்!

ஜெரோம்: கண்ணுக்கு வேதம் தெரியுமா? படுறவன் மேல படும்.

அறிவுச்செல்வி: தண்ணி தொண்ணூத்திரண்டத் தாண்டல. ஆயில் மட்டுந்தான் ஏறுச்சு. அப்ப ரேடியேட்டர் நல்லாருக்கு, கோளாறு ஆயில் கூலர்ல. கூலர் எங்க இருக்கு?

ஜெரோம்: ...பம்பருக்குப் பின்னாடி. கீழ.

அறிவுச்செல்வி: பம்பரக் கழட்ட மாட்டேன்னு டீயப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு?

ஜெரோம்: அந்த ஆளு எனக்கும் அம்புட்டாப் புடிக்காது.

அறிவுச்செல்வி: ஜெரோம்...

ஜெரோம்: கழட்டுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நீ சொன்ன பேச்சு இன்னும் நிக்குதா?

அறிவுச்செல்வி: எந்தப் பேச்சு?

ஜெரோம்: ‘பத்து சுத்து ஓட்டுறேன், ஆயில் நூத்தி இருவதத் தாண்டாம இருந்தா, நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன்’னியே...

அறிவுச்செல்வி: நீ என்ன கேட்ட?

ஜெரோம்: தெரியாத மாதிரி கேக்காத. கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டேன்.

அறிவுச்செல்வி: வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு கேட்ட. வெளிய ரெண்டு காலு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. எந்தக் காலுக்குப் பதில் சொல்லட்டும்?

ஜெரோம்: மொகத்தப் பாத்தா வாய் வரல. அடியில எனக்கு தைரியம் ஜாஸ்தி. அங்க எஞ்சின் இருக்கு, தொணைக்கு.

அறிவுச்செல்வி: மூணு சுத்துல நிப்பாட்டிட்டேன். மிச்சம் ஏழு என்னாச்சு?

ஜெரோம்: அதத்தான் ராத்திரியெல்லாம் எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். திரும்பத் திரும்ப ஏழுதான் வருது.

அறிவுச்செல்வி: ஸ்பானர எடு.

ஜெரோம்: ...எடுத்தாச்சு. இந்தப் பக்கம் போல்ட்டு வந்துருச்சு. அந்தப் பக்கத்தப் புடி... மெதுவா... மூஞ்சியத் தள்ளி வச்சுக்க, கொட்டும்.

அறிவுச்செல்வி: என்ன கொட்டும்? கழட்டவே இல்ல, அதுக்குள்ள உனக்கு எப்புடித் தெரியும்?

ஜெரோம்: அந்தா, கழண்டுருச்சு பாரு.

அறிவுச்செல்வி: அய்ய! என்னது இது?

ஜெரோம்: தூசி.

அறிவுச்செல்வி: தூசிக்குத் தோலு இருக்குமா, காம்பு இருக்குமா? நான் சாணார்பட்டிப் பக்கத்துக்காரி ஜெரோம். இது கொள்ளுப் பொட்டு, கொள்ளு அடிச்ச உமி. மாட்டுக்கு ஒரு நேரத் தீனி இருக்கு கூலருக்குள்ள!

ஜெரோம்: மாடு கெடச்சா குடுத்துருவோம்.

அறிவுச்செல்வி: சிரிக்க வைக்காத. கூலர்ல ஒரு கண்ணு கூடத் தெரியல, மொத்தமா அடச்சிருக்கு. எங்க போன?

ஜெரோம்: சனிக்கெழம காலைல... சும்மா டெஸ்ட்டுக்கு. உங்க ஊரு ரோட்டுல.

அறிவுச்செல்வி: நாலு வழிச் சாலை பக்கத்துல கெடக்க, எங்க ஊருக்குள்ள என்ன டெஸ்ட்டு?

ஜெரோம்: காத்து நல்லாருக்கும்னு.

அறிவுச்செல்வி: ம்... அப்புறம்?

ஜெரோம்: ரோட்டுல கொள்ளுச் செடியப் பரப்பிப் போட்டிருந்தாங்க. போற வர்ற வண்டி ஏறி உதுரட்டும்னு.

அறிவுச்செல்வி: அது எல்லா ஊருலயும் போடுறதுதான். ஒருதடவ ஏறி எறங்குனா இம்புட்டா அடைக்கும்?

ஜெரோம்: ஒருதடவ இல்ல.

அறிவுச்செல்வி: ரெண்டு?

ஜெரோம்: ...பதினாலு.

அறிவுச்செல்வி: பதினாலா!

ஜெரோம்: ஒரு அம்மா குறுக்க வந்து கையக் காட்டுச்சு. ‘அப்பு, டிராக்டர்க்காரன் வாரேன் வாரேன்னு ஏமாத்திட்டான். உன் வண்டி டயரு நல்லா அகலமா இருக்கு. செத்த நேரம் முன்னயும் பின்னயுமா போயிட்டு வாயேன்’னுச்சு. எப்புடி மாட்டேன்னு சொல்ல?

அறிவுச்செல்வி: ‘மாட்டேம்மா’ன்னு.

ஜெரோம்: அந்த மொகத்தப் பாத்திருந்தா நீயும் ஓட்டியிருப்ப.

அறிவுச்செல்வி: ரேஸ் வண்டிய வச்சுக் கொள்ளு அடிச்சிருக்க.

ஜெரோம்: ஆனா நல்லா உதுந்துச்சு அறிவு. பத்தாவது தடவைக்கு மேல மணி மணியா...

அறிவுச்செல்வி: பெரும வேற!

ஜெரோம்: கூலருக்கு முன்னாடி இருக்குற தகரக் கூடு நான்தான் வளச்சு வச்சேன். காத்து அங்கிட்டு இங்கிட்டு ஓடாம நேரா கூலருக்குள்ள போகணும்னு நாலு நாளு ஒக்காந்து செஞ்சேன். அது சொன்ன வேலையச் செஞ்சிருச்சு. ரோட்டுல கெடந்த பொட்ட ஒண்ணு விடாம உறிஞ்சிருச்சு. கொள்ளுக்குப் பதினாலு சுத்து, உனக்கு மூணு.

அறிவுச்செல்வி: அன்னைக்கே குனிஞ்சு பாத்திருக்கலாம்ல?

ஜெரோம்: மேலாக்க ஊதித் தொடச்சேன். உள்ள இம்புட்டு இருக்கும்னு நெனைக்கல. நேத்து நீ மூணாவது சுத்துல வேகத்தக் கொறச்ச பாரு... அப்பவே எனக்கு விளங்கிருச்சு. வெக்கமாப் போச்சு. சொல்ல வாய் வரல.

அறிவுச்செல்வி: வழியெல்லாம் மூணு ஊருல மூணு பொய்யி.

ஜெரோம்: நாலாவதுக்குள்ள திண்டுக்கல் வந்துருச்சு.

அறிவுச்செல்வி: எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலையே?

ஜெரோம்: காலைல ஆயில எறக்கிப் பாத்தேன். கொஞ்சம் கருத்திருக்கு, அம்புட்டுதான். துகள் ஒண்ணும் வரல. நீ சட்டுன்னு நிப்பாட்டாம, ஒரு சுத்து மெதுவா ஓட்டி ஆத்திக் கொண்டாந்த பாரு, அதுலதான் பொழச்சுச்சு. வேற ஆளுன்னா பத்து சுத்தையும் முடிச்சுட்டுத்தான் எறங்கியிருப்பான். எஞ்சினும் முடிஞ்சிருக்கும்.

அறிவுச்செல்வி: ரெண்டு வருசமா சோறு தண்ணி இல்லாம நீ சேத்த எஞ்சினு. எனக்குத் தெரியாதா?

ஜெரோம்: ...தேங்க்ஸ்.

அறிவுச்செல்வி: இப்ப உண்மையச் சொல்லு. எங்க ஊருக்கு எதுக்கு வந்த?

ஜெரோம்: சொன்னேனே, காத்து...

அறிவுச்செல்வி: ஜெரோம்.

ஜெரோம்: ...உங்கப்பாவப் பாக்க. சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு, சிறுமல வாழப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கிட்டு வந்தேன். என்ன பேசணும்னு பேப்பர்ல எழுதிக்கூட வச்சிருந்தேன். உங்க தெரு வர வர வண்டி தானா மெதுவாயிருச்சு. அந்தம்மா குறுக்க வந்துச்சா... அந்தோணியாரே, காப்பாத்திட்டன்னு ஓட்ட ஆரம்பிச்சுட்டேன்.

அறிவுச்செல்வி: பதினாலு தடவ.

ஜெரோம்: அந்தம்மா ஆறு போதும்னுச்சு. நாந்தான் நிப்பாட்டல. நிப்பாட்டுனா உங்க வீட்டுக்குப் போகணுமே.

அறிவுச்செல்வி: பழம்?

ஜெரோம்: அந்தம்மாகிட்டயே குடுத்துட்டுத் திரும்பிட்டேன்.

அறிவுச்செல்வி: பழம் நல்லா இனிப்பா இருந்துச்சாம்.

ஜெரோம்: ...யாரு சொன்னா?

அறிவுச்செல்வி: எங்கப்பா.

ஜெரோம்: என்னது!

அறிவுச்செல்வி: அந்தம்மா பேரு மூக்காயி. எங்கப்பா கூடப் பொறந்த அக்கா. எனக்கு அத்த. நீ அடிச்சது எங்க வீட்டுக் கொள்ளு.

ஜெரோம்: அய்யோ... என்னை அவுகளுக்கு எப்புடித் தெரியும்?

அறிவுச்செல்வி: உன்னத் தெரியாது. கதவுல என்ன ஒட்டியிருக்கு, பாரு.

ஜெரோம்: இருவத்தேழு.

அறிவுச்செல்வி: நம்பருக்குக் கீழ?

ஜெரோம்: ...அறிவுச்செல்வி. அட ஆண்டவரே. நான்தான் ஒட்டுனேன்.

அறிவுச்செல்வி: பதினாலு தடவயும் எம் பேரு அத்த முன்னாடி போயிட்டுப் போயிட்டு வந்திருக்கு. நேத்து காலைல, ட்ராக்குல நான் ஹெல்மெட்டக் கழட்டுறேன், போன் வருது. ‘ஏத்தா, ஒரு பய வந்தான். இஸ்திரி போட்ட சட்ட பூராப் பொட்டு. ஒருதடவ கூட மொகஞ்சுளிக்கல. அவந்தானா?’ன்னு.

ஜெரோம்: அப்ப நேத்தே உனக்கு எல்லாம் தெரியும்!

அறிவுச்செல்வி: தெரியும்.

ஜெரோம்: தெரிஞ்சுக்கிட்டே நூத்தம்பது கிலோமீட்டரு என்னைப் பொய் சொல்ல விட்டிருக்க.

அறிவுச்செல்வி: உனக்கு அது சுத்தமா வரல. பாக்க நல்லாருந்துச்சு.

ஜெரோம்: உங்கப்பா... பழம் மட்டுந்தான் இனிப்புன்னாரா?

அறிவுச்செல்வி: ரெண்டு நாளா எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசாத மனுசன். நேத்து அத்தகிட்டருந்து போன வாங்கி, ‘அவன வீடு வரைக்கும் வரச் சொல்லு’ன்னாரு.

ஜெரோம்: ரெண்டு நாளா ஏன் பேசல?

அறிவுச்செல்வி: அது கெடக்கு. ஏப்பா, எங்க குனியுற?

ஜெரோம்: இல்ல... அடியில ஒரு போல்ட்டு...

அறிவுச்செல்வி: அடியில ஒண்ணும் இல்ல. எந்திரி. இங்க, என்னைப் பாரு.

ஜெரோம்: ...பாக்குறேன்.

அறிவுச்செல்வி: கேளு.

ஜெரோம்: பத்து சுத்து முடியல. நூத்தி இருவதத் தாண்டிருச்சு. அதெல்லாம் என் தப்புதான். இருந்தாலும் கேக்குறேன் அறிவு... என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா? சரியா இல்லையான்னு நேரா சொல்லிரு.

அறிவுச்செல்வி: சரி. வெள்ளிக்கெழமையே அப்பாகிட்டச் சொல்லிட்டேன்... அதான் அவரு பேசல. பத்து சுத்துன்னதெல்லாம், நீ ஒருதடவயாச்சும் வெளிய வந்து மொகத்தப் பாத்துக் கேக்கட்டும்னுதான்.