ரீ எண்டால் தேத்தண்ணி இல்லை

— கஸ்பர் அண்ணை, இந்தாங்கோ. இண்டைக்கும் சாப்பாடு அப்பிடியே திரும்பி வந்திருக்கு. சத்தியமா என்னால ஏலாது.

— ஆர், ரெண்டாம் மாடி மிஸிஸ் ஹார்கிரீவ்ஸோ? உந்தக் கோழிக்கு என்ன குறை, ஜெயமலர்? உப்பும் அளவு, அவிச்சலும் பதம்.

— உங்கட சமையலைச் சொல்லேல்லை அண்ணை. மனிசி கரண்டியே தொடேல்லை. "டின்னர் ரெடி" எண்டு வைச்சால், "நான் டின்னர் சாப்பிட்டாச்சு, லவ்" எண்டு சிரிச்சுப்போட்டுத் தட்டைத் தள்ளிவிடுறா.

— மறதி வருத்தமோ?

— மற்ற ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுகினம். சத்தியமா எனக்கு அப்பிடித் தெரியேல்லை. என்ர மகள் அட்சயாவைப் பற்றி எப்பவோ ஒருக்காச் சொன்னனான். எக்ஸாம் எப்பிடிச் செய்தவள் எண்டு நேற்றுக் கேக்கிறா. பல்லும் நல்லம், விழுங்கவும் கரைச்சல் இல்லை. நான் பின்னேர ஷிப்ற்றுக்கு மாறி மூண்டு கிழமை, அதுக்குள்ள நாலு கிலோ இறங்கிப்போனா. நாளைக்குப் பத்து மணிக்கு மீற்றிங். அவவின்ர மகள் ஒஷாவாவில இருந்து வாறா. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சாப்பாட்டுக்கு ரியூப் வைக்கிறதோ எண்டு கதைக்கப்போகினம்.

— அதுக்கு நீ ஏன் பிள்ளை அழுறாய்?

— அவ எனக்கு என்ன செய்தவ எண்டு உங்களுக்குத் தெரியாது. நான் இந்த முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்த முதல் கிழமை, கை தவறி, ஒரு ஜக் தண்ணியை அவவின்ர மடியில ஊத்திப்போட்டன். சுப்பவைசர் வாசலில நிக்கிறா. மிஸிஸ் ஹார்கிரீவ்ஸ் சொன்னவ, "நான்தான் தட்டி ஊத்தினது" எண்டு. அந்த ஒரு பொய்யில எனக்கு வேலை தங்கிச்சு. இண்டைக்கு ஸ்ரௌவ்வில் ஊரில ஒரு வீடு வாங்கிப் பிள்ளையளோட நிம்மதியா இருக்கிறன் எண்டால், அதில அவவுக்கும் பங்கிருக்கு. அந்த மனிசி என்ர கண்ணுக்கு முன்னால வத்திப்போறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்.

— சரி, கண்ணைத் துடை. அவ எந்த ஊர்? கனடாக்காரியோ?

— இல்லை, இங்கிலாந்து. போல்ரனோ என்னவோ. பஞ்சு மில்லில வேலை செய்தவவாம்.

— போல்ரனோ? உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே. நான் இஞ்ச வர முதல் எட்டு வருசம் போல்ரனில மீன் பொரிச்சனான் பிள்ளை. அங்க டின்னர் எண்டால் மத்தியானச் சாப்பாடு, விளங்குதே? அவ சொன்னது உண்மை. மத்தியானம் சாப்பிட்டவதானே. பின்னேரச் சாப்பாட்டுக்கு அந்தச் சனம் சொல்லுறது ரீ.

— ரீ எண்டால் தேத்தண்ணி.

— நானும் உப்பிடித்தான் நினைச்சு மாட்டுப்பட்டனான். போன புதுசில பக்கத்து வீட்டு எட்னா கூப்பிட்டவ, வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு ரீக்கு வா எண்டு. தேத்தண்ணிதானே, வெறும் வயித்தோட போகக்கூடாதெண்டு, அரைக் கொத்து அரிசிச் சோத்தை ஒரு கட்டுக் கட்டிப்போட்டுப் போறன். அங்க மேசையில மாவுக்குள்ள இறைச்சி வைச்சுச் சுட்ட மீட் பை, தடிச்ச சிப்ஸ், மசிச்ச பட்டாணி, கிரேவி, பாணும் பட்டரும். நடுவில ஒரு ரீப்பொட். மரியாதைக்கு எல்லாத்தையும் திண்டன். வீட்டை போய் மூச்சுவிட ஏலாமல் கிடந்தன்.

— பாவமண்ணை நீங்கள்.

— பாவமோ? அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் ஒரு வெள்ளியும் விடாமல் கூப்பிட்டவ. ஒருத்தரும் இல்லாமல் வந்த எனக்கு அந்த ஊரில ஒரு வீடு இருந்ததெண்டால் அந்த மேசைதான். இப்பவும் பூசையில அவவின்ர பேரைச் சொல்லிச் செபிக்கிறனான்.

— சாப்பாட்டுக்கு ஏனண்ணை ரீ எண்டு பேர் வைச்சவை?

— பெரிய வீட்டுச் சனம் நாலு மணிக்குத் தேத்தண்ணியும் விரலளவு சான்ட்விச்சும் திண்டுபோட்டு, ராவில ஆறுதலா டின்னருக்கு இருப்பினம். மில்லில நிண்ட சனத்துக்கு அது கட்டுமோ? வேலை விட்டு வந்த கையோட பசிக்கும், விளங்குதே? சுடச்சுடச் சாப்பாடு, பக்கத்தில எங்கட இலங்கை மலையில கிள்ளின கொழுந்தில ஊத்தின தேத்தண்ணி. பிறகு சாப்பாட்டுக்கே அந்தப் பேர் ஒட்டிப்போச்சு. சரி, ஸ்ராஃபுக்கு எண்டு வைச்ச மீட் பை அவணில கிடக்கு. சிப்ஸ் பொரிக்கப் பத்து நிமிசம், கிரேவியும் பாணும் பட்டரும் வைப்பம். கொண்டுபோய் வைச்சு, "உங்கட ரீ ரெடி" எண்டு சொல்லு. டின்னர் எண்ட சொல்லை வாயில எடுக்காத.

— தாங்கோ அண்ணை. கடவுளே எண்டு கொண்டுபோறன்.

— என்ன பிள்ளை, போய் அரை மணித்தியாலம் ஆச்சு. என்ன நடந்தது?

— சாப்பிட்டவ அண்ணை. சத்தியமா என்ர கண்ணால கண்டனான். பையை நடுவால வெட்டி, ஒரு பாதியை முழுக்கச் சாப்பிட்டவ. கிரேவியையும் பாணால துடைச்சுச் சாப்பிட்டவ. உங்களுக்குக் கோடி புண்ணியம்.

— மாதாவுக்கு நன்றி சொல்லு. மற்றப் பாதி?

— அதைத் தள்ளிவிட்டா. பரவாயில்லை, இது காணும், நாளைக்கு மீற்றிங்கில சொல்லலாம்.

— எங்க, தட்டைக் காட்டு. சிப்ஸும் சரி பாதி நிக்குது. பாணும் ஒரு துண்டு, அதுக்குப் பட்டரும் பூசிக் கிடக்கு. வயிறு நிறைஞ்ச மனிசி ஏன் பட்டர் பூசுறா? தள்ள முதல் ஏதும் சொன்னவவோ?

— புதுசா ஒண்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் கேக்கிறதைத்தான் கேட்டவ.

— என்ன கேக்கிறவ?

— "நீ உன்ர ரீ எடுத்திட்டியோ, லவ்" எண்டு. எனக்கு வயித்தில காஸ்ரிக் எல்லே, தேத்தண்ணி தொடுறேல்லை. அதால இல்லை எண்டு சொல்லுறனான்.

— மூண்டு கிழமையா இல்லை எண்டே சொன்னனீ?

— ஓம். வேற என்ன சொல்லுறது?

— அவ தட்டைத் தள்ளுறது எந்தப் பக்கம்?

— என்ர பக்கம்தான். நான்தானே முன்னால இருக்கிறன். ஏனண்ணை கேக்கிறியள்?

— மனிசி வேண்டாமெண்டு தள்ளேல்லைப் பிள்ளை. நீ பட்டினியா வேலை செய்யிறாய் எண்டு நினைச்சு, மூண்டு கிழமையா தன்ர சாப்பாட்டை உனக்கெல்லே தந்திருக்கிறா.