நான் பார்க்காத ஐந்து தோணிகள்

1959 ஓகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 1.40. கல்முனைப் பொலிஸ் நிலையம்.

பெயர் மீராலெப்பை அபுல் ஹஸன். வயது 63. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சாய்ந்தமருது, கடற்கரையோரம் வசிப்பவன். எங்கள் மீனவர் சங்கம் வாங்கும் இயந்திரத் தோணிகளைப் பரிசோதித்துக் கையெழுத்திடும் பொறுப்பு என்னுடையது. யாரும் அழைக்காமல் நானாகவே வந்தேன்.

வந்தவுடன், பொத்துவிலில் தொழில் செய்யும் இலக்கம் 2, 4, 5, 6 தோணிகளை உடனே கரைக்கு எடுக்கச் சொல்லும்படி கேட்டேன். சார்ஜன்ட் ஷரிபுதீன் பொத்துவில் பொலிசுக்குத் தொலைபேசியில் கதைத்தார். நான்கும் அதிகாலையிலேயே கடலுக்குப் போய்விட்டன என்று பதில் வந்தது. ஆட்களை அனுப்பித் தேடுவதாகச் சொன்னார்கள். அதன் பின்னரே இந்த வாக்குமூலம் தொடங்கியது.

கடந்த மே மாதம் சங்கம் ஜவுபர் முதலாளியின் பட்டறையில் ஆறு தோணிகளுக்குச் சொல்லிவைத்தது. ஒவ்வொன்றையும் கட்டையில் ஏற்றி, உள்ளே விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, ஒரு பகல் விட்டு வெளியே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இயந்திரம் இருத்தும் சட்டத்தின் ஆறு போல்ட்டுகளும் அடிமரத்தை ஊடுருவி மறுபக்கம் வந்து நட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே நான் கையெழுத்திட வேண்டும் என்பது ஒப்பந்தம். முதலாம் தோணியை அந்தப் பட்டறையில் தோணி கட்டும் தச்சர் முனாப் ஓடாவி தன் கையால் கட்டினார். அதை முழுமையாகப் பரிசோதித்தேன். குறை இருக்கவில்லை. குனிந்து பார்க்கும்போது என் குடையின் இரும்பு முனை உட்பலகையில் குத்தி, நெல்மணி அளவு பள்ளம் விழுந்தது. ஓடாவியிடம் மன்னிப்புக் கேட்டேன். “தோணிக்கி அம்மைப்பால் குத்தித் தழும்பு வச்சிட்டீங்க மாஸ்டர், இனி நோய் வராது” என்று சிரித்தார்.

அதன் பின்னர் ஒரு கிழமை விட்டு இரண்டாம் தோணியையும், மறு கிழமை மூன்றாம் தோணியையும் பார்க்க அழைக்கப்பட்டேன். மூன்றாவதில் போல்ட்டுகளைத் தடவிப் பார்க்கும்போது அதே பள்ளம் விரலில் பட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, வித்தியாதரிசி பாடசாலையைப் பரிசோதிக்க வரும் நாளில் நல்ல மாணவன் ஒருவனின் கொப்பிக்கு வேறு வேறு உறை போட்டு நான்கு பேர் காட்டியதைப் பிடித்திருக்கிறேன். ஆகவே எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. இலக்கத்தை மட்டும் மாற்றி ஒரே தோணியைக் காட்டியிருக்கிறார்கள் என்பது அந்த நிமிடமே விளங்கியது.

முதலாளியிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “எல்லாம் ஒரே அளவில அறுத்த பலகைதான் மாஸ்டர். ஒண்டப் பார்த்தா ஆறையும் பார்த்த மாதிரி. கச்சான் காத்து முடிஞ்சா கடல் கொந்தளிக்கும், அதுக்குள்ள தோணி வேணுமெண்டு உங்கட ஆக்கள்தான் தினம் வந்து என்ட வாசலில நிக்கிறாங்க” என்றார். அது உண்மை. சங்கத்து மீனவர் நூஹு என்பவர் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இரண்டு முறை என் வீட்டுக்கே வந்து கேட்டார். அதைவிட, இரண்டாம் தோணியில் ஏமாந்துவிட்டேன் என்று சங்கத்தில் எழுந்து சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கையெழுத்திட்டேன். அதன் பின்னர் மீதி மூன்றுக்கும் அந்தத் தோணியின் முன்னால் நின்றே கையெழுத்திட்டேன்.

ஜூலை நடுப்பகுதியில் முனாப் ஓடாவி என் வீட்டுக்கு வந்தார். நீள போல்ட் வந்து சேராததால் மற்றவற்றுக்கு விரலளவு குட்டை ஆணி முடுக்குகிறார்கள் என்றும், மறுத்ததற்காகத் தன்னை நிறுத்திவிட்டார்கள் என்றும், ஆனாலும் தன் பெயர் முத்திரையை எல்லாத் தோணியிலும் சுட்டு வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

“பலகையில மட்டும் கடிச்சிக்கிட்டு நிக்கிது மாஸ்டர். இஞ்சின் ஆட்ட ஆட்ட ஒரு நாளைக்கிக் கழண்டு, பலகையையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும்.”

“உங்களுக்கும் முதலாளிக்கும் உள்ள கோபத்த என்னில கொண்டு வந்து கொட்டாதீங்க ஓடாவியார்.”

“ஓம் மாஸ்டர். படிச்ச ஆக்கள் நீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். தேநீர் ஊற்றி வைத்திருந்தோம். குடிக்கவில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை இலக்கம் 3 தோணி கடலில் உடைந்தது. அதில் போன இருவரில் றஸாக் நீந்திக் கரை சேர்ந்தார். மற்றவரான நூஹுவின் மையித்து நேற்றுக் காலை கரை ஒதுங்கியது. முத்திரையைச் சாட்சியாகக் கொண்டு முனாப் ஓடாவி நேற்றுக் கைது செய்யப்பட்டார். இன்று காலை றஸாக்கைப் பார்க்கப் போனேன். இயந்திரம் சட்டத்தோடு பெயர்ந்து விழுந்ததாகவும், பலகை வாய் பிளந்ததாகவும் சொன்னார். பலகைத் துண்டைப் பிடித்தே நீந்தியிருக்கிறார். அதில் குட்டை ஆணி ஒன்று இன்னும் இருந்தது. என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். விரல்தான் நீளம். அந்தத் துண்டைப் பொலிசில் ஒப்படைத்தேன்.

வரும் வழியில் நூஹுவின் மனைவி ஹாஜறா தன் வீட்டுப் படலையடியில் நின்றார். “நீங்க பார்த்துச் சைன் வச்ச தோணியெண்டுதானே மாஸ்டர் அவர் போனவர்?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

முதலாம் தோணி இப்போதும் பட்டறையில் நிற்கிறது. கடைசியாக எனக்குக் காட்டியபோது எழுதிய 6 இன்னும் அதன் மேல் இருக்கிறது. பெயின்ரைச் சுரண்டினால் கீழே ஐந்தும் நான்கும் தெரியும். முனாப் ஓடாவி கட்டியது அந்த ஒன்றை மட்டுமே. மற்ற ஐந்தும் நல்லவை என்று சொன்னவன் நான்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் இலக்கம் 2, 6 தோணிகள் கரைக்கு வந்துவிட்டன என்று 3.20க்கும், இலக்கம் 4 வந்துவிட்டது என்று 4.05க்கும் பொத்துவிலிலிருந்து தகவல் கிடைத்தது. இலக்கம் 4இன் இயந்திரச் சட்டத்தில் மூன்று ஆணிகள் ஏற்கனவே கழன்றிருந்தனவாம்.

இலக்கம் 5இல் மூன்று பேர் இருக்கிறார்கள். பெயர்களைக் கேட்டு எழுதி வாங்கினேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று சார்ஜன்ட் சொன்னார். தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்க அனுமதி கேட்டேன்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பின்னர் நானும் என் கண்ணால் ஒவ்வொரு பக்கமாக வாசித்தேன். இதில் உள்ளது உண்மை. கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பிற்பகல் 5.10. இலக்கம் 5 பற்றி இதுவரை தகவல் இல்லை.

(ஒப்பம்) மீ. அபுல் ஹஸன்