அலகுப்பன்னிக்கு எண்பத்துநாலு ஓட்டு

அந்தப் பொம்மையைத் தூக்கித் தரையில வச்சிட்டு உக்காருங்கம்மா, கடிக்காது. அய்ய, அந்த நாற்காலி வேணாம், அதுல ஏற்கெனவே ஆறு பேரு உக்காந்திருக்காங்க. இதுல உக்காருங்க. முதுகுக்குப் பின்னாடி கையை விட்டுப் பாருங்க, வாலு ஒண்ணு குத்தும். ஆங், அதேதான். எடுத்து எங்கயாவது வீசுங்க, மரியாதையெல்லாம் பாக்காதீங்க. போன வாரம் என் சம்பந்தி பாக்காம உக்காந்துட்டாரு. அன்னிக்கு எழுந்தவரு இன்னும் எங்கயுமே உக்காரலையாம். பஸ்ல இடம் காலியா இருந்தாலும் நின்னுக்கிட்டேதான் போறாராம்.

கேட்டுச்சும்மா, கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு. பொம்மைக் கம்பெனியில கடிதப் பிரிவுலேருந்து வந்திருக்கீங்க, கையில ஒரு கட்டு சீட்டு இருக்கு, எண்பத்துநாலையும் நான் ஒருத்தனே எழுதினேனான்னு கேக்குறீங்க. ஆமான்னு சொன்னா கட்டு மொத்தத்தையும் அடிச்சிடுவீங்க. விதி எனக்குத் தெரியும். பொம்மைப் பெட்டிக்கு ஒரு சீட்டு, அடுத்த வருஷம் எந்த விலங்கைச் செய்யணும்னு அதுல எழுதி அனுப்பணும், ஒரு கைக்கு ஒரு ஓட்டு, எது ஜெயிக்குதோ அதுக்கு அச்சு வெட்டுவாங்க. இந்தக் கட்டு இருந்தா என் லிஸ்ட்ரோசாரஸ் பத்தொம்பது ஓட்டுல முன்னாடி நிக்குது. இல்லேன்னா மறுபடியும் பல்லன்தான்.

பல்லன்னா டி-ரெக்ஸும்மா. அதோட முழுப் பேரைச் சொல்றதுக்கே எனக்கு வாய் கூசுது. எத்தனை வருஷமா அதே மூஞ்சி. ஒரு வருஷம் வாயைத் திறந்துக்கிட்டு வந்துச்சு. அடுத்த வருஷம் மூடிக்கிட்டு. அதுக்கடுத்த வருஷம் பாதி திறந்து, கொட்டாவி விட வந்தது ஏன் வந்தோம்னு மறந்து போன மாதிரி. இந்த வருஷம் என்ன கேக்குறாங்க, நாக்கு தெரியணுமாம். நாக்கு. சீ.

பொம்மை சேகரிக்கிறவங்க சங்கத்தை நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும். தலைவரு ஒரு பல் டாக்டரு. பகல் பூரா ஊர் ஜனத்தோட சொத்தைப் பல்லைப் புடுங்குறாரு, சாயங்காலம் வந்து பிளாஸ்டிக் பல்லை எண்ணுறாரு. பூதக்கண்ணாடி வச்சு எண்ணி, மேல்தாடையில ஒண்ணு குறையுதுன்னு உங்க கம்பெனிக்கு ஒம்பது பக்கம் எழுதினாரே, அது அவருதான். கை கழுவிட்டு வந்தாரான்னு நான் கேட்டதுக்கு என்னை ஆறு மாசம் கூட்டத்துக்கு வரக் கூடாதுன்னுட்டாரு.

இன்னொருத்தரு இருக்காரு, பிரிக்காதவருன்னு பேரு. வாங்கின பெட்டியை அவரு பிரிக்கவே மாட்டாரு. பிரிச்சா மதிப்பு போயிடுமாம். அலமாரி முழுக்கப் பெட்டி, மூஞ்சி தெரியாத விலங்கு. அவரு சம்சாரம் ஒரு நாள் கோபத்துல ஒரு பெட்டியோட அடிப்பக்கத்தை நைசா அறுத்து, உள்ள இருந்ததை எடுத்துட்டு, ஒரு ஜோடி பழைய காலுறையை வச்சு ஒட்டிட்டாங்க. பதினோரு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் வர்றவங்ககிட்ட அந்தப் பெட்டியைத்தான் முதல்ல காட்டுறாரு. லேசா வாடை வருதேன்னா, அது அந்தக் காலத்துச் சாயத்தோட வாசனைங்கறாரு. மூக்கை வச்சு உறிஞ்சி வேற காட்டுறாரு. அதைப் பாத்துட்டு வந்து நான் ரெண்டு வேளை சாப்பிடலை.

நீளக்கழுத்து டைனோசரையே கேக்குற இன்னொரு உறுப்பினரு கதை தெரியாதா? அய்யோ. நிஜ அளவுல ஒரு கழுத்தாவது வேணும்னு கேட்டுக் கேட்டு, யாரும் செய்யலேன்னதும் தானே செஞ்சாரு. வீட்டுக்குள்ள அடங்கலை. சுவத்தை இடிச்சாரு. பக்கத்து வீட்டுக்காரர் பாத்தாரு, தன் வீட்டுப் படுக்கையறையில காலையில ஒரு தலை நிக்குது. நல்ல மனுஷன். துண்டு காயப்போட ஆரம்பிச்சிட்டாரு. பொய்யா? சரி, சுவரு வரைக்கும் நிஜம். துண்டு நான் சேத்தது.

இவங்களாவது பரவாயில்லம்மா. யாரும் கண்டுக்காத விலங்கு வேணும்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு பாருங்க, அதைக் கண்டா இன்னும் குமட்டுது. அது வேணும்னா கேக்குறாங்க? பேரை வாய்க்குள்ள போட்டு உருட்டத்தான் கேக்குறாங்க. ஒருத்தன் ஆளு நீளத்துக்கு மரவட்டை வேணும்ங்கறான். ஒருத்தன் தாடையில ரம்பம் சுருண்டு கிடக்குமே, அந்த மீனு வேணும்ங்கறான். அதுலயும் பல்லு, கவனிச்சீங்களா. நான் லிஸ்ட்ரோசாரஸ்னு சொன்னேன். அப்புறம் பல் டாக்டரு சிரிச்சாரு. அலமாரியில வச்சா விருந்தாளி என்ன நினைப்பாங்கன்னு கேட்டாரு.

படத்தைப் பாத்திருக்கீங்களா? இதோ. பன்னி அளவு உடம்பு. ஆமை மாதிரி அலகு. மேல ரெண்டே ரெண்டு கோரைப்பல்லு, அதுவும் கடிக்கிறதுக்கு இல்ல. வாலுன்னு ஒண்ணு, இருந்தும் இல்லாத மாதிரி. மூஞ்சியைப் பாருங்க, அரசாங்க ஆபீசுல டோக்கன் வாங்கிட்டு நாலு மணி நேரம் பெஞ்சில காத்துக்கிட்டிருக்கிற ஆளு மாதிரி. நான் அலகுப்பன்னின்னு கூப்பிடுவேன். இருபத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி உலகத்துல இருந்ததுல முக்கால்வாசிக்கு மேல செத்துப் போச்சு. பெருசு, சிறுசு, பல்லு வச்சது, பல்லு வைக்காதது எல்லாம். இது பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கிட்டுக் கிடந்துச்சு. செத்ததுங்க எல்லாம் போன பிறகு நிமிந்து பாத்திருக்கும், என்னடா ஒருத்தனையும் காணோம்னு. டைனோசரெல்லாம் அப்ப வரவே இல்ல. சொந்தம்னு பாத்தா இது நம்ம பாலூட்டிங்க பக்கத்து ஆளும்மா, அவங்க பக்கம் இல்ல.

எப்படிக் கண்டுபிடிச்சீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல. கையெழுத்தா இருக்காது. வலக்கை, இடக்கை, பென்சிலு, பச்சை மை எல்லாம் மாத்தி மாத்திப் போட்டேன். ஒண்ணு மருமகளோட கண்மையில எழுதினது, அதுக்கு அவ ரெண்டு நாள் என்கூடப் பேசலை. ஒண்ணு கால் விரல்ல பேனாவைச் செருகி எழுதினது. நம்பலேன்னா விடுங்க. வயசும் ஆளும் கூட மாத்தினேனே. லாரி ஓட்டுறவரு, தையக்காரம்மா, ஓய்வு பெற்ற நீதிபதி, இரட்டைப் பிள்ளைங்க.

எங்க, கடைசி வரியா? குடுங்க பாப்போம். கண்ணாடி எங்க வச்சேன், ஆங், இந்தப் பய கழுத்துல மாட்டியிருக்கு. சரி, நானே படிக்கிறேன். எனக்கு ஆறு வயசு. எனக்கு லிஸ்ட்ரோசாரஸ் வேணும். இது டைனோசர் இனத்தைச் சேர்ந்ததன்று என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

அட ச்சை.

லாரிக்காரரும் எழுதியிருக்காரா? தையக்காரம்மா? எண்பத்துநாலுலயும் இருக்கா? என்னத்தைச் சொல்ல. என்னால முடியலம்மா. ஒரு தப்பை அப்படியே விட்டுட்டுப் போக சேகரிக்கிறவனால முடியாது. உங்க சீட்டுலயே மேல என்ன அச்சடிச்சிருக்கீங்க, உங்களுக்குப் பிடித்த டைனோசர் எதுன்னு. அது டைனோசர் இல்லையே. அதைச் சொல்லாம எப்படிக் கையெழுத்துப் போடுறது? வங்கியைக் கொள்ளையடிக்கப் போனா கூட எங்க ஆளுங்க அங்க காலண்டர்ல இருக்கிற படத்தைத் திருத்திட்டுத்தான் மாட்டிக்குவாங்க.

பெட்டியா? ஆமா, சீட்டு பெட்டிக்குள்ளதானே இருக்கு. வாங்காம எப்படிக் கிடைக்கும். இந்த வருஷத்துப் பெட்டியில இருக்கிறது யாரு? பல்லன். அவன் வரக் கூடாதுன்னு ஓட்டுப் போடணும்னா அவனையே வாங்கிட்டு வரணும். எண்பத்துநாலு தடவை வாங்கினேன். பாருங்க வீட்டை. குளியலறையில சோப்பு ஒருத்தன் வாயில இருக்கு. கதவுக்கு முட்டுக் குடுக்குறது ஒருத்தன். மருமக துணி உலத்துற கயிறு ரெண்டு பேரு கழுத்துல கட்டியிருக்கு. அவ சொல்லிட்டா, மாமா, இன்னும் ஒரு பல்லு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு. நானும் உன்கூட வர்றேம்மான்னேன். இதுங்க நடுவுல எவன் இருப்பான். ராப்பகலா நாலு பக்கமும் இளிச்சிக்கிட்டு.

என்ன சொன்னீங்க? இந்தப் பகுதியிலதான் அதிகமா வித்துதா? மேனேஜரு அதைப் பாத்துட்டு அடுத்த வருஷத்துக்கும் பல்லனையே தயார் பண்ணச் சொல்லியிருக்காரா? பாத்தீங்களா. அது நான்தான். தூ. சிரிக்காதீங்கம்மா. இல்ல, சிரிங்க, பரவாயில்ல. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்.

ஏன் இதுக்காக இவ்வளவுன்னு கேக்காதீங்க. சின்ன வயசுல என்னைப் பாத்து எல்லாரும் இந்த மூஞ்சின்னு சொன்னாங்க, அந்தப் பாசம்தான். சரி, அது இல்ல. என் சம்சாரம் சாகும்போது கேட்டா. அதுவும் இல்ல, அவ மாடியில தூங்குறா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

என்ன, பையைத் திறக்குறீங்க. சிவப்புப் பேனாவா. இன்னும் அதேதான் வச்சிருக்காங்களா. சரி, அடிங்க. கட்டுமேல குறுக்கால ஒரு கோடு போட்டு, ஒரே கைன்னு எழுதி, பக்கத்துல சுருக்கக் கையெழுத்து. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இந்த எண்பத்துநாலும் திருட்டு ஓட்டுதான். ஆனா அடிச்சு முடிச்சிட்டு அந்த அலமாரியில கீழ்த்தட்டுல ஒரு பழுப்புக் கவரு இருக்கும், அதையும் எடுத்துக்குங்க. அதுல முப்பத்தேழு சீட்டு இருக்கு. அதுவும் உங்க கம்பெனிச் சீட்டுதான், பழசு. முப்பத்தொரு வருஷம் ஆச்சு.

எல்லாமே லிஸ்ட்ரோசாரஸுக்குத்தான். எல்லாமே ஒரே கையெழுத்துதான். அடிச்சிருக்கு பாருங்க, சிவப்புல. கீழ இருக்கிற சுருக்கக் கையெழுத்து என்னோடது. உங்க நாற்காலியில உங்களுக்கு முன்னாடி இருந்த அம்மாவுக்கும் முன்னாடி நான்தான் உக்காந்திருந்தேன்.

அந்த வருஷம் பல்லனுக்கு முப்பது ஓட்டு. இது முப்பத்தேழு. ஒரே கைன்னு பாத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், திருடனைப் பிடிச்சிட்டேன்னு. அடிச்சேன். முடிவை அறிவிச்சாச்சு. பல்லன்.

அப்புறம் ஒரு கடிதம் வந்துச்சு. அதுவும் உள்ள இருக்கு. கண்ணு தெரியாத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்து டீச்சரு. முப்பத்தேழு பிள்ளைங்க. அவங்க சொல்லச் சொல்ல இவங்க எழுதியிருக்காங்க, எழுதினது ஒரு கை, சொன்னது முப்பத்தேழு வாய். ஏன் அது வேணும்னு ஒவ்வொரு பிள்ளையும் சொன்னதைச் சீட்டோட பின்பக்கம் எழுதியிருக்காங்க. நான் ஒண்ணைக் கூடத் திருப்பிப் பாக்கலை. நீங்க திருப்பிப் பாருங்க. எங்ககிட்ட இருக்கிற பொம்மை எல்லாம் தொட்டா ஒரே மாதிரி குத்துது, இது குத்தாதாமே. அது ஒரு பிள்ளை. எல்லாம் செத்துப் போனதுக்கப்புறமும் இது இருந்துச்சாமே, அதைக் கையில வச்சுப் பாக்கணும். அது இன்னொண்ணு. மத்ததை நீங்களே படிங்க, நான் படிச்சா வேற ஏதாவது சேத்துடுவேன்.

இந்த வருஷத்துக் கணக்குல சேக்கச் சொல்லலை. அந்த வருஷத்து முடிவு தப்புன்னு திருத்துங்க, அவ்வளவுதான். அச்சு வெட்டாம ஒரு வருஷம் பாக்கி நிக்குது. அந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் இப்ப நாப்பது வயசு ஆகியிருக்கும். பொம்மை வேணுமோ வேணாமோ, அது அவங்க இஷ்டம். ஓட்டு ஓட்டுதான். மேல இருக்கிறவங்க கேட்டா என்னை வரச் சொல்லுங்க, வந்து நானே சொல்றேன். கள்ள ஓட்டுப் போட்டா அந்தத் தப்பு நேராயிடும்னு நினைச்சேன் பாருங்க, இத்தனை வருஷமா. அதுக்கு இந்த வாயைத் திறந்திருந்தா போதும்.

அப்பவே ஏன் சொல்லலையா?

பெரிய காரணம் எதாவது இருக்கும்னு நினைக்கிறீங்க. வேலை போயிடும்னு பயம், மேனேஜரு மிரட்டினாரு, அந்த மாதிரி. எத்தனையோ பேருகிட்ட அப்படியெல்லாம் சொல்லியிருக்கேன், நல்லாத்தான் இருக்கும் கேக்க. கடிதம் வந்தது புதன்கிழமை மத்தியானம். அச்சு வெட்ட ஆரம்பிச்சது வெள்ளிக்கிழமை. மேனேஜரு அறை நம்ம தலைக்கு மேலதானே, மாடியில. பதினாலு படி ஏறணும். நான் அப்பதான் சாப்பிட்டுட்டு வந்து உக்காந்திருந்தேன்மா.