எட்டு வருஷத் தவணை

— …கேக்குதா? நீங்க பேசறது விட்டு விட்டு வருது.

— எனக்கு நல்லா கேக்குது. நீ சொல்லு. பேசினியா?

— பேசினேன். முதல்ல நீங்க சாப்பிட்டீங்களா?

— ஏம்மா தூதரம்மா… உலகத்து நாடெல்லாம் உட்கார்ந்திருக்கற சபையில பேசிட்டு வந்து, என் சாப்பாட்டைக் கேக்கறே பாரு.

— நான் கேக்கலைன்னா யாரு கேப்பா? சாப்பிட்டிருக்க மாட்டீங்க. குரலே சொல்லுது.

— மூட்டை ஏத்தி முடிச்சதும் நேரா வந்துட்டேன். நீ கூப்பிடற நேரமாச்சேன்னு…

— நேரா எங்க வந்தீங்க? பின்னால பஸ் சத்தம் கேக்குது.

— பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்.

— எந்த பஸ் ஸ்டாப்பு?

— ஏதோ ஒரு பஸ் ஸ்டாப்பு.

— தண்ணி டேங்க் பக்கத்துல இருக்கறது. அதானே… நம்ம வீட்டுக் கூரை தெரியுதா?

— தெரியுது. இந்தப் பக்கம் ஓடு இன்னும் கொஞ்சம் சரிஞ்சிருக்கு.

— நான் கிளம்பும்போது இவ்வளவு சரியலையே…

— நடுவுல பெருங்காத்து அடிச்சது. ஆள் இல்லாத வீடு வேற.

— பின்பக்கம்? அவன் இருக்கற பக்கம்?

— கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னா பின்வாசல் எங்க தெரியுது? செடிதான் தெரியுது, ஆள் உயரத்துக்கு. அதை விடு. சபையைப் பத்திச் சொல்லு.

— என்னத்தைச் சொல்ல… பெரிய மண்டபம். வரிசை வரிசையா மேசை. மேசைக்கு மேசை ஒரு அட்டை, அதுல நாட்டுப் பேரு. கடைசி வரிசையில நாங்க. எங்க அட்டையில சங்கத்துப் பேரு.

— உன் பேரு இல்லையா?

— அது கழுத்துல தொங்குது. பேருக்குக் கீழ ஏதோ எழுதியிருந்துச்சு. என்னைக் கூட்டிட்டு வந்த சங்கத்தம்மாகிட்ட கேட்டேன். 'பாதிக்கப்பட்டவர்'னு போட்டிருக்காம். ஏம்மா, கண்ணிவெடி எடுக்கற வேலைக்காரின்னு போட்டா என்ன, மாசாமாசம் சம்பளம் வாங்கறேனேன்னேன்.

— அதானே. அதுக்கு என்ன சொன்னா?

— சிரிச்சா. அடுத்த தடவை மாத்திடலாம்னா.

— அடுத்த தடவை வேற போறியா நீ… மூட்டை தூக்கறவன் பொண்டாட்டி மாசம் ஒரு தேசம் சுத்தப் போறா.

— பொறாமைப்படாதீங்க. ரெண்டு நாளா உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்து இடுப்பு போச்சு. நாள் பூரா முட்டி போட்டு வெடி தேடறப்பகூட இப்படி வலிச்சதில்ல.

— உன்னை எப்போ பேசக் கூப்பிட்டாங்க?

— எல்லா நாடும் பேசி முடிச்சப்புறம். இன்னிக்கு மதியச் சாப்பாட்டுக்கு மணியடிக்கப் போற நேரத்துல. பாதிப் பேரு எழுந்து பையைத் தூக்கிட்டாங்க. எங்களை மாதிரி சங்கத்து ஆளுங்களுக்கு எப்பவும் அந்த நேரம்தானாம்.

— நாடு பேசி முடிச்சு, நாடே முடிவெடுத்த பிற்பாடு உங்ககிட்ட கேக்கறதுல என்ன பிரயோசனம்?

— அதைத்தான் முதல்ல சொன்னேன். சாப்பிட்டு கை கழுவின பிறகு வந்து உப்பு போதுமான்னு கேக்கறீங்க… இனிமேலாவது வெடி கிடக்கற நிலத்து ஆளுங்களை முன்னாடி பேச விடுங்க, அதுக்குத் தக்கன சட்டத்தை மாத்துங்கன்னேன்.

— உப்பு சங்கத்தம்மா எழுதிக் குடுத்ததா?

— அவ எழுதினது ரெண்டு பக்கத்துக்கு இருந்துச்சு. உப்பு நான் போட்டது.

— எழுத்துக் கூட்டிப் படிக்கறவ நீ. மூணு நிமிஷத்துல எவ்வளவு படிச்சிருப்பே?

— படிக்கவே இல்லை. மனப்பாடம். ப்ளேன்ல பக்கத்து சீட்டுக்காரரு பயந்துட்டாரு, இந்த அம்மா தனியா முணுமுணுக்குதேன்னு.

— நம்ம அரசாங்கத்து ஆளு என்ன பேசினான்?

— நல்லாத்தான் பேசினாரு. கோட்டுப் போட்டவரு. பாறை நிலம், மழை அதிகம், அதனால வெடியெல்லாம் எடுத்து முடிக்க இன்னும் எட்டு வருஷம் தவணை குடுங்கன்னாரு. மூணு குழுவா இருந்ததை ஒரே குழுவாக் குறைச்சதை மட்டும் சொல்லலை.

— எப்படிச் சொல்லுவான்…

— நான் சொன்னேன். மிச்சம் இருக்கற அந்த ஒரு குழுவுல நான் வேலை செய்யறேன், ஊரார் வாசலையெல்லாம் மண்ணைத் தடவித் தடவி சுத்தம் பண்ணிக் குடுக்கறேன், என் வாசல் பட்டியல்ல ஏழாவது வருஷம் கிடக்குன்னேன்.

— அதெல்லாம் தைரியமாத்தான் சொல்லியிருக்கே.

— அதுவரைக்கும் தைரியம்தான்… அப்புறம் ஒரு கூத்து நடந்துச்சு.

— என்ன?

— மைக்குல மூணு விளக்கு இருக்கும். நேரம் முடிஞ்சா சிவப்பு எரியும். யாரும் அதை மதிக்கறதில்லை. சிவப்பு பாட்டுக்கு எரியுது, அவங்க பாட்டுக்குப் பேசறாங்க. ரெண்டு நாளா பார்த்துட்டுத்தானே இருந்தேன். ஆனா எனக்குச் சிவப்பு எரிஞ்சதும்… அப்படியே நின்னுட்டேன்.

— நின்னுட்டேன்னா?

— வேலையில, இதுக்கு அந்தப் பக்கம் வெடின்னு நட்டிருக்கற சிவப்புக் கோலைப் பார்த்தா எப்படி நிப்போம்? அப்படி. வாய் பாதிப் பேச்சுல நிக்குது. கை அந்தரத்துல நிக்குது. காலைக்கூட நகத்தலை. நாற்காலியில உட்கார்ந்திருக்கறவளுக்கு காலு எங்க போகப் போகுது…

— எனக்குச் சிரிப்பு வருது.

— சிரிங்க. சங்கத்தம்மா பதறிப் போயி என் கையைப் பிடிச்சு இழுக்கறா. தலைவரு மேல இருந்து, பரவாயில்லைம்மா முடிச்சுக்கோங்கன்னு சொல்றாராம். எனக்கு வாய் சிவப்புக்கு அந்தப் பக்கம் போகவே மாட்டேங்குது. பத்து வருஷப் பழக்கமில்லையா…

— எந்த இடத்துல நின்னுச்சு பேச்சு?

— 'என் மகன்'னு சொன்னேன். அதோட நின்னுச்சு. ஆனா கேளுங்க. கண்ணாடிக் கூண்டுக்குள்ள உட்கார்ந்து என் பேச்சை அவங்க பாஷையில சொல்ற அம்மாகிட்ட முன்னாடியே காகிதத்தைக் குடுத்திருந்தோம். அவங்க நிறுத்தலை. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கேன், மிச்சத்தை அவங்க படிச்சு முடிச்சுட்டாங்க. எல்லார் காதுலயும் மாட்டியிருக்கே, அதுல போகுது. எனக்கு ஒண்ணும் தெரியலை. திடீர்னு பார்த்தா, பையைத் தூக்கினவங்க பையைக் கீழ வைக்கறாங்க. கதவுகிட்ட போனவரு ஒருத்தர் திரும்பி வந்து உட்கார்றாரு.

— மிச்சம் என்ன எழுதியிருந்தே?

— உங்களுக்குத் தெரியாததா.

— எனக்குச் சொல்லு. அவங்களுக்கு வேற யாரோ சொன்னாங்க. எனக்கு நீ சொல்லு.

— வேண்டாம்ங்க, தெருவுல நிக்கறீங்க.

— சொல்லு.

— 'என் மகன் அந்த வீட்டுப் பின்வாசல்ல இருக்கான். ஊரைக் காலி பண்ணின அன்னிக்கு, வீட்டைப் பூட்டினோமான்னு பார்த்துட்டு வரேன்னு திரும்பிப் போனான். முன்வாசல் பூட்டியிருந்துச்சு. பின்வாசலுக்குச் சுத்திப் போனான். பட்டாளத்து ஆளுங்க அங்கயே குழி வெட்டி மூடிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னாங்க. இன்னி வரைக்கும் பக்கத்துல போயி ஒரு கைப்பிடி மண்ணு நாங்க போடலை.' …அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

— …பஸ் வந்துடுச்சு, அதான் சத்தம்… பொறு.

— ஏறலையா?

— அடுத்ததுல ஏறிக்கறேன். மேல சொல்லு. அந்தத் திரும்பி வந்தவரு?

— ஏதோ சின்ன நாடாம், பேரு வாயில நுழையலை. நாட்டு அட்டையைத் தூக்கி நிமித்தி வச்சு, பேச நேரம் கேட்டாரு. அந்த ரெண்டு குழு எங்க போச்சு, ஏன் குறைச்சீங்கன்னு நம்ம கோட்டுக்காரரைக் கேட்டாரு. அவரு காகிதத்தைப் புரட்டறாரு, புரட்டறாரு… விசாரிச்சுச் சொல்றேன்னாரு.

— அப்போ தவணை?

— நாளைக்குத்தான் தெரியும். எட்டுக்கு நாலு குடுக்கலாம், வருஷா வருஷம் வந்து கணக்கு காட்டணும்னு எழுதலாம்னு பேச்சு. சங்கத்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வெறும் பேச்சாவும் போயிடலாம்னும் அவளே சொல்றா.

— போனாப் போகட்டும். பையைக் கீழ வச்சாங்கள்ல.

— வச்சாங்க…

— அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?

— எப்படி இருக்கு?

— உப்புப் போட்ட குரல் இல்லை இது.

— உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— நேத்து மதியம் தண்ணி பிடிக்கப் போனேன். கோட்டுக்காரர் கூட வந்திருக்கற பொண்ணு ஒருத்தி பக்கத்துல வந்து 'அக்கா'ன்னா. நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாச்சு… எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தம்ளரைக் குடுங்க, நான் பிடிச்சுத் தர்றேன்னு வாங்கிக்கிட்டா.

— ம்.

— நல்ல பொண்ணுதாங்க. மேல இருந்து சொல்லி அனுப்பியிருக்காங்க, அவ என்ன பண்ணுவா. குழுவைக் குறைச்சதைப் பத்திப் பேச வேண்டாம், நன்றின்னு மட்டும் சொல்லிட்டு உட்காருங்க, வர்ற கோடையிலயே உங்க வீட்டு வெடியை முதல்ல எடுத்துடுவோம்னா. மழைக்கு முன்னாடி பின்வாசல் வரைக்கும் நடந்து போகலாம்க்கான்னா. பின்வாசல்னு அவளுக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கவே இல்லை.

— …

— இருக்கீங்களா?

— இருக்கேன்.

— வர்ற கோடைக்குப் பட்டியல்ல இருக்கறது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கற வழி. பிள்ளைங்க நாங்க வெடிக்குக் கட்டின கயித்தைத் தாண்டிக் குதிச்சுக் குறுக்கால ஓடும், தினம் விரட்டுவோம், நாங்க அந்தப் பக்கம் திரும்பினா மறுபடி ஓடும். இருக்கறது ஒரே குழு. எங்க குழு. நம்ம வீட்டுக்கு வரணும்னா அந்தக் கயித்தை என் கையால அவுத்துச் சுருட்டி எடுத்துட்டு வரணும்.

— அவளுக்கு என்ன சொன்னே?

— யோசிச்சுச் சொல்றேன்னேன். உண்மையைச் சொல்றேன், சரின்னு சொல்லத்தான் இருந்தேன். தலைவரு கூப்பிட்டு, மைக்கை அமுத்தற வரைக்கும் சரின்னுதான் இருந்தேன்.

— ஆனா பேசிட்டே.

— பேசிட்டேன். பேசி முடிச்சுத் திரும்பினா அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கா. அப்புறம் வாசல்ல சொன்னா, இனிமே உங்க வீடு ஏழாவது வருஷத்துலயும் வருமான்னு தெரியலைக்கான்னு. மிரட்டலை. வருத்தப்பட்டுத்தான் சொன்னா.

— ம்.

— உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். போனு கையிலதான் இருந்துச்சு. வேணும்னுதான் கேக்கலை. நீங்க வீடுன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா, நான் நன்றி சொல்லிட்டு உட்கார்ந்திருப்பேன். அவன் உங்களுக்கும் மகன்தானே. எத்தனை சாயங்காலம் அங்க போயி நின்னிருக்கீங்க… உங்க பங்கையும் சேர்த்து நானே வேண்டாம்னுட்டேன். திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க. ஊருக்கு வந்த பிறகு முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க, அதை என்னால தாங்க முடியாது… ஏங்க… ஏதாவது சொல்லுங்களேன்.

— நீ கிளம்பின மறுநாளே இங்கயும் ஒருத்தன் வந்தான். கோடவுன் வாசலுக்கு, 'அண்ணே'ன்னு கூப்பிட்டுக்கிட்டு. என்கிட்டயும் அதையேதான் சொன்னான்… வீட்டம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை போன்ல சொன்னா போதும், கோடையிலயே வீட்டுக்குப் போயிடலாம்னான். எந்தப் பக்கம் அவனைப் புதைச்சிருக்குன்னு கேட்டான், நான்தான் பின்வாசல்னு சொன்னேன். அப்புறம், அவ பேசத்தான் போயிருக்கா, பேசட்டும்னு அனுப்பிட்டேன். உனக்குச் சொல்லலை. தெரிஞ்சா எனக்காக நீ வாயை மூடிட்டு வந்துடுவேன்னு பயம்… நம்ம பையன்கிட்ட மட்டும் அன்னிக்கே வேலிகிட்ட வந்து சொல்லிட்டேன், அம்மா வர இன்னும் நாளாகும்டா, கோவிச்சுக்காதேன்னு.