சஹனில் கடைசிப் பிடி

அன்று சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது நான்தான். பேசும்போது கையை வீசுவது என் பழக்கம். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்த கை, ஓய்வுபெற்றும் ஓயவில்லை. மச்சானின் சாரம் நனைந்தது. "பறவால்ல சேர்" என்று சிரித்தார். முகைதீன்பாவா என் தங்கை ஸுலைஹாவின் கணவர். அவள் என்னைக் 'காக்கா' என்பாள், இவரோ சொந்த மச்சானையே 'சேர்' என்று கூப்பிடுகிறவர்.

திடீர் மரண விசாரணை அதிகாரி ஐயா, அவர் மௌத்தான அன்று நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் பாதிதான் இருக்கிறது. மிச்சத்தைச் சொல்லத்தான் மறுபடி வந்தேன்.

நான் ஹார்விக் என்றொரு வெள்ளைக்காரத் துரையின் வாழ்க்கையை எழுதுகிறேன். பஞ்சாபில் சீக்கியக் காலாட்படையில் லெப்டினன்டாகச் சேர்ந்து மேஜராக முடிந்தவர். ஒருமுறை பொத்துவில் காட்டுக்கு யானை சுட வந்தார், குறி தவறியது. நமக்கும் அவருக்கும் உள்ள சொந்தம் அவ்வளவுதான். கல்முனையில் யாரைப் பிடித்து வாசித்துக் காட்டினாலும் "நல்லாரிக்கி சேர்" என்றபடியே செருப்பைத் தேடுவார்கள். எந்த இடம் நல்லாரிக்கி என்று கேட்டால் உடனே அஸர் தொழுகைக்கு நேரமாகிவிடும்.

மனைவி போனபிறகு வீட்டிலும் கேட்க ஆளில்லை. மச்சான் மட்டும் வருவார். அன்று பள்ளிவாசல் கந்தூரிச் சோற்றை ஒரு சஹனில் கொண்டுவந்தார். பெரிய தட்டம் ஒன்று, எதிரெதிரே நாங்கள் இருவர். நம் வழக்கம் தெரியும்தானே: ஒரு சஹனில் உட்கார்ந்தால், கடைசி ஆள் கை எடுக்கும்வரை மற்றவர் எழும்புவதில்லை. நான் மெல்லத் தின்றேன். வேண்டுமென்றுதான்.

தண்ணீரில்லாத கணவாயில் சீக்கியப் படை மாட்டிக்கொண்ட கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். துரை பின்வாங்க உத்தரவு கொடுக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழேயும் மச்சானுக்கு வியர்த்தது. இடக்கையால் நெஞ்சைத் தடவினார்.

"சேர், கொஞ்சம் தண்ணி..."

"அவங்கட தாகத்தப் பாருங்க மச்சான், பிறகு குடிப்பம்" என்றேன். பகிடி என்றுதான் நினைத்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

அவர் முகம் சாம்பலானதைக் கண்டேன். கண்டேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டோவில் போனால் ஆஸ்பத்திரி கிட்டத்தான். ஆனால் துரைக்கு மேஜர் பதவி கிடைக்க இன்னும் கொஞ்சக் கதை இருந்தது. அந்த இடம்வரை ஒருவரும் என்னோடு வந்ததேயில்லை. கடைசிப் பிடிச் சோற்றை விரலால் உருட்டிக்கொண்டே சொல்லி முடித்தேன். ஒரு சிப்பாயும் இடத்தைவிட்டு அசையவில்லை. மச்சானும் அசையவில்லை. பிறகு கை கழுவிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

முன்னமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று வைத்தியரிடம் கேட்டேன். "அல்லாஹ்ட நாட்டம் சேர்." மௌலவியும் அதையே சொன்னார். நீங்களும் பேனாவை மூடிக்கொண்டு அதையே சொன்னீர்கள். புத்தகத்துக்கும் நேரான பதிலில்லை, இதற்கும் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது.

இன்று காலை, இத்தாவில் வீட்டோடு துக்கம் காக்கும் தங்கையிடம் போனேன். ஒன்றும் மறைக்கவில்லை, தண்ணீர் கேட்டதையும் சொன்னேன்.

"மச்சானுக்கு என்ட கத விருப்பம்தானே புள்ள? அதாலதானே எழும்பாம இருந்த?"

ஸுலைஹா அழவில்லை.

"விருப்பமா? ஒங்கட துரைர பேரக் கேட்டாலே அவருக்குத் தலயிடி. 'ஒன்ட காக்கா தனிய இரிக்காரு, நானும் போகாட்டி ஆரு போற' எண்டுதான் வந்தவரு. எழும்பினா நீங்க நோவீங்க எண்டு இருந்திருப்பாரு." முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள். "அல்லாஹ்ட நாட்டம் எண்டு நான் சொல்லமாட்டன் காக்கா. அவர மௌத்தாக்கின நீங்கதான்."